கம்பமெட்டில் மூச்சுமுட்டிய ஜீப்

தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் அனுமந்தன்பட்டிக்காரர்களுக்குத் துபாயும் சிங்கப்பூரும் பிறகுதான். முதல் வெளிநாடு கேரளா. பாஸ்போர்ட் வேண்டாம், ஸ்வெட்டர் வேண்டும். காலையில் மலையேறிப் போய், வேறு பாஷை கேட்டு, கொட்டை கொட்டையாக இருக்கும் அவர்கள் சோற்றைப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரசம் குடிக்கலாம். அப்படிப்பட்ட வெளிநாட்டுக்குப் போய் நான் ஒரு பழைய ஜீப்பை வாங்கிவந்த கதை இது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கவலைப்படுகிற ஆள். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிவந்து பார்ப்பவன். ஒருமுறை அப்படித் திரும்பியதில் பஸ்ஸை விட்டுவிட்டேன். அந்த பஸ் ஒரு ஆபத்தும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது என்று கேள்விப்பட்டபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு டிராக்டரில் ஏறினேன், பிறகு திராட்சை ஏற்றும் மினி லாரி. ஓட்டத் தெரியும். ஓடுவது ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கத்தான் தெரியாது.

என் மனைவி ஈஸ்வரி ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவள். அவளையும் சேர்த்து எட்டுப் பெண்கள் ஒரு செட்டு. வண்டன்மேட்டுக்கு அந்தப்புறம் ஒரு தோட்டத்தில் காய் எடுக்கிறார்கள். தினமும் கூட்டிப்போய்க்கொண்டிருந்த ஜீப்காரர் திடீரென்று போடிப் பக்கம் வேறு செட்டுக்குப் போய்விட்டார். மற்ற ஜீப்புகளில் நிற்கக்கூட இடமில்லை. ஒரு வாரம் எட்டுப் பேரும் வீட்டில் இருந்தார்கள். அப்போதுதான் தோட்டத்து சூப்பர்வைசர் போன் செய்தார்.

"திங்களாழ்ச்ச காலையில எட்டு மணிக்குள்ள எட்டுப் பேரும் கேட்டுல நிக்கணும். இல்லேன்னா வேற செட்டு ரெடியாட்டு உண்டு. அப்புறம் இந்த சீசன் முழுக்க அவங்கதான்."

ஈஸ்வரி போனை வைத்துவிட்டு, "நாமளே ஒரு ஜீப்பு வாங்குவோம், நீங்க ஓட்டுங்க" என்றாள். எங்கள் வீட்டில் முடிவு எடுப்பது அவள், அதற்குக் கவலைப்படுவது நான். இருபது வருஷமாக வேலையை இப்படித்தான் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

வியாழக்கிழமை கட்டப்பனைக்கு பஸ் ஏறினேன். பேப்பர் விஷயமெல்லாம் என் மைத்துனன் பார்த்துக்கொண்டான், அதை எழுதி உங்களைத் தூங்கவைக்க விரும்பவில்லை. மேலே போனதும் சாரல். எங்கள் ஊரில் புழுதிக் காற்றில் வாயைத் திறக்க முடியாது, இங்கே மழையில் கண்ணைத் திறக்க முடியாது. ஒரு சின்னக் கடையில் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டேன். புளிப்பு நாக்கைச் சுருட்டி உள்ளே இழுத்தது. கூடவே பாலில்லாத கட்டன் சாயா. பக்கத்து மேசைப் பெரியவர் என் தட்டைப் பார்த்துத் தன் மலையாளத்தில், "பாண்டிக்காரன் காந்தாரி மிளகாயைத் தனியாக எடுத்து வைக்கிறான் பார்" என்று கூட்டாளியிடம் சொன்னார். தமிழன் என்றாலே அவர்களுக்குப் பாண்டிக்காரன்தான். எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டார். எடுத்து வைத்த மிளகாயை அப்படியே வாயில் போட்டு மென்றேன். அது பெரிய தப்பு. கண்ணீரோடுதான் வண்டியைப் பார்க்கப் போனேன்.

வண்டியின் சொந்தக்காரர் ஜோயி சேட்டன். ஜீப் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. சேட்டன் அதில் என்னை உட்காரவைத்து, வீட்டுக்குப் பின்னால் பாறையும் சேறுமாக இருந்த ஒரு சரிவில் ஏற்றினார். ஆடு ஏறத் தயங்கும் இடம். நான்கு சக்கரமும் பிடித்து, உறுமிக்கொண்டு ஏறியது. என் மனசு அதில் விழுந்துவிட்டது.

"டீசல் மீட்டர் ஒர்க் ஆகாது" என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் இருந்த டேங்க் மூடியைத் திருகித் திறந்து, ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். குச்சியில் பாதி நனைந்திருந்தது. "இதானு மீட்டர். வண்டியோட ஃப்ரீ."

"வேற கோளாறு?"

"ஒரு குழப்பவும் இல்ல சேட்டா."

முதல் குழப்பம் அரை கிலோமீட்டரில் வந்தது. வலதுபக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தால் ஹாரன் தானாக அடித்தது. இடதுபக்கம் ஒடித்தால் அமைதி. நேரே போனால் அமைதி. வலது வளைவு வந்தால் மட்டும், வளைவு முடிகிறவரை, கல்யாண வேன் மாதிரி ஒரே பாட்டு.

கேரள எல்லையிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் கம்பமெட்டு மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். கொண்டைஊசி வளைவுகளில் ஒன்று விட்டு ஒன்று வலது. மேலே ஏறிவந்த லாரிக்காரர் நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "அதான் ஒதுங்கிட்டேன்ல, இன்னும் எங்கய்யா ஒதுங்கச் சொல்ற, பள்ளத்துக்குள்ளயா?" என்று கத்தினார். கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை எடுக்கும்போது ஸ்டியரிங் கொஞ்சம் வலதுபக்கம் நகர்ந்துவிட்டது.

ஆனால் ஒன்று. ஹாரன் அடித்ததே தவிர, வண்டி எங்கேயும் நிற்கவில்லை. அத்தனை தூரமும் ஒரு இருமல்கூட இல்லாமல் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பூஜை போட்டோம். புது வண்டியானாலும் பழைய வண்டியானாலும் நம் கைக்கு வந்தால் பூஜை போடாமல் ரோட்டில் இறக்க மாட்டோம். செட்டுப் பெண்கள் எட்டுப் பேரும் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பூசணிக்காய், மாலை, சூடம். பூசாரி கிண்ணத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து என்னிடமே கொடுத்துவிட்டார். "சொந்தக்காரர் கையால வைங்க. ஒரு இடம் விடாம வைங்க" என்றார்.

கவலைப்படுகிறவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? பானெட்டில் வைத்தேன், இரண்டு ஹெட்லைட்டிலும் வைத்தேன், கண்ணாடி, ஸ்டியரிங், கியர், பிரேக், கிளட்ச், ஸ்டெப்னி. பானெட்டைத் திறந்து ரேடியேட்டர், பேட்டரி. விட்டுப்போன இடத்தில்தான் ஆபத்து வரும் என்று எனக்கு உறுதி. கடைசியாகக் கண்ணில் பட்டது டீசல் டேங்க் மூடி. அதன் நட்டநடுவில் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம்.

பஞ்சவர்ணம் மதினி கைகொட்டிச் சிரித்தார். என் பெரியப்பா மகன் சம்சாரம், செட்டில் வாய் அதிகம் உள்ளவர். "கொழுந்தா, கல்யாணத்தன்னைக்கு ஈசுவரிக்குக்கூட இம்புட்டுச் சந்தனம் பூசலையே."

எலுமிச்சம்பழம் நான்கும் ஒரே நேரத்தில் நசுங்கியது. நல்ல சகுனம். பெண்களைக் கோயிலிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் கம்பம் வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தேன். திரும்பும்போது புதுப்பட்டிக்குப் பக்கத்தில் வண்டி இரண்டு முறை குலுங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. பிறகு சத்தமும் வரவில்லை. நின்றுவிட்டது.

டீசல் தீர்ந்துவிட்டதோ என்று இறங்கி டேங்க் மூடியைத் திறந்தேன். 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு பெருமூச்சு. என் பெருமூச்சா வண்டியுடையதா என்று தெரியாத அளவுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. குச்சியை விட்டால் கால்வாசிக்கு மேலேயே நனைந்து வந்தது. டீசல் இருக்கிறது. மூடியை மூடி, எஞ்சின் பக்கத்தில் இருக்கும் கைப்பம்பைக் கொஞ்சம் அடித்து, சாவியைத் திருப்பினேன். எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

சனிக்கிழமை உத்தமபாளையத்தில் காதர் பாய் பட்டறையில் போய் நின்றேன். பாய் ஜீப்பை ஒரு சுற்று சுற்றிவந்தார். பட்டறைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், கேட்காமலேயே ஆளுக்கொரு வியாதி சொன்னார்கள். ஒருவர் பம்பு என்றார், இன்னொருவர் நாசில் என்றார். இரண்டையும் நம்பினேன்.

"என்ன மாப்ள, வண்டிக்கு அம்மை போட்டிருக்கா? உடம்பெல்லாம் பொட்டா இருக்கு?" என்றார் பாய்.

"பூஜை போட்டோம் பாய்."

"அது சரி, சைலன்சரைத் தவிர எல்லாத்துலயும் இருக்கு."

ஹாரனை ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிட்டார். ஸ்டியரிங் தண்டுக்குள் ஒரு ஒயர் தோல் உரிந்து, வலதுபக்கம் திருப்பும்போதெல்லாம் இரும்பில் உரசியிருக்கிறது. டேப்பைச் சுற்றினார். வலதுபக்கம் ஒடித்துப் பார்த்தேன். அமைதி. பழகிவிட்டதால் என்னவோ போல இருந்தது.

வண்டி நிற்பதுதான் பெரிய விஷயம். பாய் டீசல் பில்டரை மாற்றினார். லைனில் ஏர் பிடித்திருக்கிறது என்று அதை வெளியேற்றினார். டேங்கைக் கழற்றிக் கழுவினார். உள்ளே கச்சடா இருக்கும், அது குழாயில் போய் அடைக்கும் என்பது அவர் கணக்கு. டேங்க் பளபளவென்று இருந்தது. பாய்க்கு முகம் விழுந்துவிட்டது. மத்தியானம் வீட்டிலிருந்து வந்த நெய்ச்சோற்றையும் தாளிச்சாவையும் எனக்கும் பங்கு வைத்தார். அந்தத் தாளிச்சாவில் கிடந்த மாங்காய்த் துண்டுக்காகவே வருஷம் ஒரு வண்டி கெட்டுப்போகலாம்.

சாப்பிட்டதும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். டேங்க் மூடியைப் பட்டறை மேசையிலேயே மறந்துவிட்டோம். பாய் ஒரு பழைய துணியைத் திணித்து, "டெஸ்டுக்கு இது போதும், வா" என்றார். கம்பம் போனோம், திரும்பினோம், இன்னொருமுறை போனோம். வண்டி பஞ்சு மாதிரி ஓடியது. ஒரு குலுக்கல் இல்லை.

"பில்டர்தான் மாப்ள. முடிஞ்சு போச்சு. திங்கக்கிழமை தாராளமா ஏறு."

பட்டறைக்குத் திரும்பியதும் மூடியைத் துடைத்துத் திருகிக் கொடுத்தார். சந்தனத்தின் மேல்பூச்சு மட்டும் போனது. பாய்க்கு நன்றி சொல்லிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே ஊருக்கு வந்தேன். பாதி வழியில் பாட்டை நிறுத்திவிட்டேன். இவ்வளவு சுலபமாகச் சரியாகிவிட்டதே என்று கவலை.

மலையேறுவதற்கு முன் தூரமாக ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மயிலாடும்பாறைக்குப் போனோம். ஈஸ்வரியின் தங்கை வீடு அங்கே இருக்கிறது. தேனியைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் காற்றின் ருசியே வேறு. எங்கள் பக்கம் வாய்க்கால் ஈரம், நெல் வாசம். அந்தப் பக்கம் காய்ந்த மண்ணும் வெயிலும். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் குழம்பை அடைவதற்குள் வண்டி இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் நான் இறங்கி, மூடியைத் திறந்து, 'ஸ்ஸ்ஸ்' கேட்டு, குச்சி விட்டு, டீசல் இருப்பதைப் பார்த்து, மூடி, பம்பு அடித்து ஸ்டார்ட் செய்தேன். அது எனக்குச் சடங்கு மாதிரியே ஆகிவிட்டது. சூடு ஆறினால் வண்டி கிளம்புகிறது என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

"கண்ணு பட்டிருக்குய்யா" என்றார் சகலை, கோழிக் காலை என் இலையில் வைத்தபடி. "அங்கன பட்டறையில நிறுத்துனீகள்ல, எத்தனை பேரு பாத்தாகளோ? நல்லாச் சாமியக் கும்பிட்டுட்டு மலையேறுங்க."

சாயங்காலம் எப்படியோ வீடு வந்தோம். வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு ஈஸ்வரியிடம் சொன்னேன். "நாளைக்கு மலையில நின்னா என்ன செய்யிறது? எட்டுப் பேரு பொழப்பு. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு ஒரு நாள் கேளேன்."

"கேட்டாச்சு. முடியாதுன்னுட்டாக."

"வேற ஜீப்பு?"

"அதையும் கேட்டாச்சு. எல்லாம் ரொம்பிருச்சு." என்னைப் பார்த்தாள். "இந்தாங்க, மூஞ்சிய இப்படி வைக்காதீக. நாளைக்கு இதுலதான் போறோம். நிக்காது."

"எப்படிச் சொல்ற?"

"நின்னா தள்ளுவோம்."

அவள் உள்ளே போனதும் நான் சும்மா இருக்க முடியாமல், பூஜைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சந்தன வில்லைகளைக் கரைத்தேன். பாய் துடைத்த இடமெல்லாம் மறுபடியும் வைத்தேன். டீசல் மூடியில் இந்தமுறை தாராளமாகவே வைத்தேன்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே ஜீப்பில் எட்டுப் பெண்களும் எட்டுத் தூக்குச்சட்டிகளும் ஏறிவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர். குளிருக்குத் தலையில் துண்டு, அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் காலுறையில் புகையிலைத் தூள். கம்பம் தாண்டி மலை தொடங்கும்போது வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. எங்களுக்கு முன்னும் பின்னும் வரிசையாக ஏலக்காட்டு ஜீப்புகள். அந்த வரிசையில் நானும் ஒருவன் என்று நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

நிமிர்ந்தது நான்காவது வளைவு வரைதான். குலுக்கல், இருமல், அமைதி. இறங்கினேன், திறந்தேன், 'ஸ்ஸ்ஸ்', மூடினேன், பம்பு அடித்தேன், கிளம்பியது. ஏற்றத்தில் எட்டுப் பேரோடு டீசல் அதிகம் குடிக்கிறதோ என்னவோ, அடுத்த மூன்று வளைவிலேயே மறுபடி நின்றது. இந்தமுறை வண்டி பின்னால் நழுவியது. பின்னால் இருந்து ஒரே கூச்சல்.

"ஏத்தா, கல்லைப் போடு, கல்லைப் போடு!"

பஞ்சவர்ணம் மதினி குதித்து இறங்கி ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார். தாண்டிப் போன ஒரு ஜீப்பில் இருந்து யாரோ, "ஈசுவரியக்கா, நடந்தே போயிருக்கலாம்ல, முன்னாடியே போயிருப்பீக!" என்று கத்தினார்கள். ஜீப் ஜீப்பாகத் தாண்டிப் போனது. ஒன்றில் புது முகமாக ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அதுதான் அந்த வேற செட்டாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. ஈஸ்வரிக்கும் தோன்றியிருக்க வேண்டும். போனில் மணி பார்த்தாள். ஏழு.

மூடியைத் திறந்தேன். 'ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.'

கல்லைப் பிடித்தபடி பக்கத்தில் குனிந்திருந்த மதினி நிமிர்ந்தார். "அது என்ன சத்தம்?"

"அது எப்பவும் வர்ற சத்தம் மதினி. தள்ளுங்க, பம்பு அடிக்கணும்."

"எப்பவும்னா? வாங்குனப்பவே வந்துச்சா?"

குச்சியோடு அப்படியே நின்றேன். கட்டப்பனையில் ஜோயி சேட்டன் மூடியைத் திருகித் திறந்தது ஞாபகம் வந்தது. சத்தமே இல்லை. சனிக்கிழமை மூடியே இல்லாமல் துணியைத் திணித்துக்கொண்டு ஓட்டினோம். நிற்கவே இல்லை.

"இல்ல" என்றேன்.

"அதைக் குடுங்க இங்கன." மதினி மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். குங்குமப் பொட்டை நகத்தால் சுரண்டினார். சிமெண்டு மாதிரி இறுகிப்போயிருந்தது. "கொழுந்தா, போன வருசம் காட்டுல மருந்தடிக்கிற மிசினுக்கு எண்ணெய் ஊத்துனது யாரு? நாந்தானே. அதுக்கும் மூடியில இத்தினிக்கூண்டு ஓட்டை இருக்கும். அதுல மண்ணு அடைச்சா அஞ்சு நிமிசத்துல மிசின் நின்னு போகும். உள்ள காத்துப் போனாத்தான் எண்ணெய் வெளிய வரும். எண்ணெய் டின்னுக்கு ஒரு ஓட்டை போட்டா ஊத்துமா? எதுக்க இன்னொரு ஓட்டை போடணும்ல?"

தாலிச் செயினில் தொங்கிய ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினார். பல்லால் கடித்து விரித்து, பொட்டின் நடுவில் குத்தித் திருகினார். மஞ்சளாக ஒரு சின்னப் புழு மாதிரி சந்தனம் வெளியே வந்தது. கடுகு நுழைகிற ஓட்டை. வாயை வைத்து ஊதினார். மறுபக்கம் என் உள்ளங்கையில் காற்றுப் பட்டது.

காற்றைப் பற்றிய பாடம் எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ வரும் என்று என் மகள் பிறகு சொன்னாள். அந்தப் பாடம் நடந்தபோது நான் எங்கேயோ கத்தரிக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

"அதுல சந்தனம் வச்சது யாரு?" என்று கேட்டாள் ஈஸ்வரி, தெரிந்துகொண்டே.

நான் பம்பு அடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

"சாமி ஒரு இடம் விடாமக் காப்பாத்தணும்னு டேங்கு வாயையே அடைச்சுட்டாரு" என்றார் மதினி. "ரெண்டு மூக்கையும் பொத்திக்கிட்டு நீங்க மலையேறுவீகளா கொழுந்தா? அதுவும் என்னை மாதிரி ரெண்டு ஆளைச் சுமந்துக்கிட்டு?"

எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் கல்லை எடுக்கவே மறந்துவிட்டோம். சாவியைத் திருப்பினேன். ஜீப் ஒரே உறுமலில் கிளம்பியது. மூடியைத் திருகியிருந்தேன், ஆனாலும் அடுத்த வளைவில் நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. அதற்கடுத்த வளைவிலும் நிற்கவில்லை. எதிரே வந்த லாரிக்கு நானாகவே, என் கையாலேயே, ஹாரன் அடித்தேன். கம்பமெட்டு உச்சியில் பனி சாலையின் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. செக்போஸ்டில் இருந்த போலீஸ்காரர் வண்டியைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். வழக்கமாக நான் போலீஸைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன்.

தார் ரோட்டை விட்டு இறங்கியபின் தோட்டத்துக் கேட் வரை வெறும் கல்லும் சேறும். முன்சக்கரங்களுக்கும் இழுவையைக் கொடுத்தேன். எங்களைத் தாண்டிப் போன ஜீப்புகளில் ஒன்று அங்கே சேற்றில் சக்கரம் சுற்ற நின்றுகொண்டிருந்தது. நடந்தே போகச் சொன்ன அதே ஜீப்தான். ஈஸ்வரி தலையை வெளியே நீட்டினாள். ஏதாவது பதிலுக்குக் குத்தப்போகிறாள் என்று பயந்தேன். "ஏலே, கயிறு இருக்கா?" என்று கேட்டாள். கட்டி இழுத்து வெளியே விட்டோம். அதில் கொஞ்ச நேரம் போனது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எனக்குள் எட்டு மணி எட்டு மணி என்று அடித்துக்கொண்டே இருந்தது.

கேட்டில் சூப்பர்வைசர் குடையோடு நின்றிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. வேற செட்டு என்பது ரெடியாக இருந்ததா, எங்களை மிரட்டச் சொன்னதா என்று இன்றுவரை தெரியாது, கேட்கவும் இல்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைகளை எண்ணினார். ஜீப்பைப் பார்த்தார்.

"ஏழு அம்பத்தஞ்சு" என்றார். "நாளை ஏழரைக்கு வரான் பற்றுமோ?"

"வருவோம் சார்" என்றாள் ஈஸ்வரி.

"வண்டி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஒரு குழப்பவும் இல்ல" என்றேன்.

அன்றைக்குப் பகல் முழுவதும் தோட்டத்து ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் எட்டுத் தூக்குச்சட்டியிலிருந்தும் எனக்கு ஒவ்வொரு கரண்டி வந்தது. புளிச்சோறு, கத்தரிக்காய்க் கூட்டு, கருவாட்டுக் குழம்பு, பருப்புத் துவையல் எல்லாம் ஒரே தட்டில். காதர் பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் சிரிப்பதைக் கேட்டுப் பட்டறையில் மற்றவர்களும் சிரிக்கத் தொடங்கினார்கள். "மாப்ள, மூடிய என் கையால துடைச்சேனே, நானும் பாக்கலையே" என்று அவரே தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது. நடுவில் நான்கு முறை எழுந்துபோய் மூடியைத் திறந்து பார்த்தேன். சத்தம் இல்லை. அந்தச் சத்தம் இல்லாததைக் கேட்டுக்கொண்டிருப்பதே சுகமாக இருந்தது.

சாயங்காலம் மலையிறங்கி முடித்ததும் அடிவாரத்தில் ஒரு சின்னக் கோயில். ஏலக்காட்டு ஜீப்புகள் எல்லாம் அங்கே ஒரு நிமிஷம் நின்று போகும். நாங்களும் நின்றோம். பூசாரி சூடத்தட்டோடு வந்தார், திருநீறு கொடுத்தார். "புது வண்டியா? நல்லது, நல்லது" என்று சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, பானெட்டில் ஒரு பொட்டு வைத்தார். கண்ணாடியில் ஒன்று வைத்தார். அப்படியே பக்கவாட்டில் நடந்துவந்தார்.

நான் எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை. டீசல் மூடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றிருந்தேன்.

"இங்கன வேண்டாம் சாமி" என்றேன். "இது மூச்சு விடணும்."

பூசாரி விழித்தார். பின்னால் எட்டுப் பேர் சிரிப்பில் ஜீப் ஆடியது. அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, விரலில் இருந்த சந்தனத்தை என் நெற்றியில் வைத்துவிட்டுப் போனார்.